ரெக்ஸலினின் வெள்ளைச் சேலைக்காரிகள்

அசதியப் பத்தி ஒருத்தரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இறால் கம்பெனியில விடிய ஏறி நின்னா பொழுதடையற வரைக்கும் முழங்காலுக்குக் கீழ தண்ணி, முழங்கைக்குக் கீழ ஐஸ், நடுவுல ஈரப்பாவாட, அந்தப் பாவாட காய நேரமில்லாம வீட்டுக்குப் போயி, சோறு பொங்கி, பிள்ளைகளுக்குப் போட்டு, மறுநாளும் அதே ஈரத்துக்குள்ள வந்து நிக்கிற பொம்பளைக நாங்க. அதனால, ரெக்ஸலினோட உடம்புக்குள்ள காவலுக்கு இருந்தவளுவ ‘எங்களால இனி முடியாது’ன்னு சொல்லி ஒரு செவ்வாக்கிழம வெளிய இறங்கி வந்தப்ப, இது எப்படிம்மா நடக்கும்னு நாங்க ஒருத்தரும் கேக்கல, இத்தன காலம் எப்படித்தான் உள்ள இருந்தாளுவளோன்னுதான் கேட்டோம்.

எனக்குப் பேரு மெற்றில்டா. இறால் உரிக்கிற மேசையில ரெக்ஸலினுக்கு அடுத்தாப்ல நிக்கிறவ. அவ எங்க கடக்கரைத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பிள்ள. புருசன் ஜெரோன் தங்கல் போட்டுக்காரன், கடலுக்குப் போனா வாரக்கணக்குல கரைக்குத் திரும்ப மாட்டான், வீட்டுல அவளும் அவ மாமியா கித்தேரியம்மாளும்தான். அன்னைக்கு அந்தப் பிள்ள ஒரு காலு மாத்தி ஒரு காலு நின்னு, தொடைய இறுக்கி, உதட்டக் கடிச்சு, கையில இருக்க இறால விட்டுட்டு எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தா. எங்களுக்குத் தெரியாதா என்ன. அந்த எடத்துல அரிப்பும் எரிச்சலும், தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைபடுறதும் எங்க கம்பெனியில ஜலதோசம் மாதிரி, ஆனா ஜலதோசத்த நாலு பேருகிட்ட வாய்விட்டுச் சொல்லலாம்.

அப்பத்தான் அவ காலுல போட்டிருந்த ரப்பர் கம்பூட்டோட வாய்ல ஒரு கை தெரிஞ்சுச்சு. பெறவு முக்காடு போட்ட தல. கட்டைவிரல் ஒசரத்துல ஒரு பொம்பள, வெள்ளைச் சேல, சேலையோட ஓரமெல்லாம் கருகிக் கெடக்கு, மேல ஏறி வந்து கம்பூட்டு விளிம்புல உக்காந்து மூச்சு வாங்குறா. அவளுக்குப் பின்னாலயே இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேரு, அப்படியே வந்து வந்து, காவாய் ஓரத்துலயும் ஐஸ் பெட்டி மேலயும் மேசைக் காலுக்குக் கீழயும் எடம் பாத்து உக்காந்து, சில பேரு உக்காந்த எடத்துலயே சுருண்டு தூங்கிட்டாளுவ. நான் கையில இருந்த இறால் ஓட்டத் தட்டி விட்டுட்டு, “ஏட்டி, கால பாத்து வைய்யி, ஆளுவ இருக்காவ”ன்னு ரெக்ஸலின்கிட்ட சொன்னேன்.

சூப்பர்வைசர் செல்வகணேசன் ஓடி வந்தான். நல்ல பய தான், ஆனா எதப் பாத்தாலும் அவனுக்கு ஆய்வுக்கு வாற வெளிநாட்டுக்காரன் மொகந்தான் தெரியும். “தலைக்கு வல போடாம யாரும் உள்ள உக்காரக்கூடாது, இவங்க எந்த மேசைக் கணக்கு?”ன்னு கத்துனான். பெறவு அவளுவ மொகத்தப் பாத்துட்டு என்ன தோணுச்சோ, ஒரு தலைவலைய எடுத்து கத்திரிக்கோலால துண்டு துண்டா நறுக்கி ஆளுக்கொண்ணு குடுத்துட்டுப் போனான். அவளுவளும் மறுபேச்சுப் பேசாம வாங்கி மாட்டிக்கிட்டாளுவ. சொன்னதச் செஞ்சு பழகுன சனம்.

சாயங்காலம் ரெக்ஸலின் அவளுவள தூக்குவாளியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டு போனா, நானும் கூடப் போனேன். கித்தேரியம்மா வாசல்ல மொளகா காயப் போட்டுக்கிட்டு இருந்தவ, தூக்குவாளிய எட்டிப் பாத்தா, மருமகளோட மொகத்தப் பாத்தா, “காலக் கழுவிட்டு ஏறச் சொல்லு”ன்னா. அம்புட்டுத்தான்.

எங்க தெருவுக்கு ஒரு குணம் உண்டு, பாத்துக்கிடுங்க. எந்த அதிசயம் வந்தாலும் அதப் பாத்து வாயப் பொளக்குறது ஒரு டீ குடிக்கிற நேரந்தான், பெறவு அதுக்கு என்ன சோலி குடுக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சிரும். டீக்கடைக்காரன் கலர் பாட்டில் மூடியில டீ ஊத்திக் குடுத்து விட்டான், நல்ல மனுசன். மீன் ஏலம் கூறுறவரு வந்து, தன்னோட ஐஸ் பெட்டிக்கு ரெண்டு பேர காவலுக்கு அனுப்ப முடியுமான்னு கேட்டாரு. எதுத்த வீட்டுக்காரி காய்ச்சல்ல கெடக்க மகனத் தூக்கிட்டு வந்து, “ஒரு நாலு பேர கைமாத்தா தாங்கம்மா, பிள்ள உடம்புக்குள்ள போயி ஒரு கை பாத்துட்டு வரட்டும்”னு கெஞ்சுனா. அதுக்கு அவளுவள்ல மூத்தவ, “வேற உடம்புக்குள்ள நாங்க போனா, அந்த உடம்புல இருக்கவளுவ எங்களக் கள்ளின்னு அடிச்சே கொன்னுருவாளுவ தாயி, பேசாம டாக்டர்கிட்ட போங்க”ன்னு பொறுமையா சொன்னா. பங்குச்சாமியும் வந்தாரு. இத கடவுளோட புதுமைன்னு பிஷப்பு மேற்றிராணியாருக்கு எழுதிப் போடணுமா சாமின்னு மணியடிக்கிற கோயில்பிள்ள கேட்டதுக்கு, “சோந்து போனவங்க உக்காந்திருக்காங்க, இதுல எழுதுறதுக்கு என்ன இருக்கு”ன்னு சொல்லிட்டு, சத்தம் போடாம செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

எல்லாரும் போன பெறவு ரெக்ஸலின் வீட்டு முத்தத்துல குத்தவச்சு அவளுவ முன்னால உக்காந்தா. அழுகய அடக்கிக்கிட்டு, “நான் என்ன தப்பு செஞ்சேன், என்ன விட்டுட்டு ஏன் வந்திய?”ன்னு கேட்டா.

மூத்தவ முக்காட்ட எடுத்துட்டு நெத்திய தொடச்சா. மூத்தவன்னாலும் அவளுவ ஆயுசு சொற்ப நாளுதானாம், ஒருத்தி செத்தா எலும்புக்குள்ள இருந்து அடுத்தவ வருவாளாம், வந்தவளுக்கும் அதே சோலிதானாம். அவ சொன்னத அவ வாயால சொன்ன மாதிரியே சொல்லுதேன், எனக்கு இன்னும் காதுலயே நிக்குது.

“யம்மா, அங்கன பூஞ்சக் கூட்டம் ஒண்ணு குடியிருக்கு. அது நேத்து வந்த சனமில்ல, ரொம்பக் காலமா ஒரு மூலையில ஜவ்வரிசி கணக்கா உருண்டையா, சத்தமில்லாம கெடக்கும், நாங்களும் கண்டும் காணாம இருந்துக்கிடுவோம். ஏன்னா அந்த வீட்டுல புளிப்புக்காரிகன்னு வேற சில பேரு இருக்காவ, தயிர ஒறைய வைக்கிறவளுக்குச் சொந்தக்காரிக. அவிய அந்த எடத்தப் புளிப்பாவே வச்சிருப்பாவ, அந்தப் புளிப்பு இருக்க வரைக்கும் பூஞ்ச தலையெடுக்காது. இப்ப புளிப்புக்காரிக செத்துட்டாவ. எடம் காலியாயிட்டு. உருண்டையா கெடந்தது நூலு நூலா நீளுது, நுனியில வெசத்த வச்சுக்கிட்டு சுவத்துல குத்துது, சுவத்துல இருக்கவளுவ ‘ஐயோ ஓடி வாங்க’ன்னு அலறுதாளுவ. கூப்பிட்டா நாங்க ஓடித்தான ஆகணும்? கூட்டமா ஓடுதோம். ஆனா அந்த எடத்து வழுவழுப்புல எங்களுக்குக் கண்ணும் தெரியல, கையும் வெளங்கல, எதப் பிடிக்கணுமோ அதப் பிடிக்க முடியல, கையில இருக்க காரத்த எல்லாம் கண்ட எடத்துல கொட்டுதோம், சுவரு செவந்து வீங்கிப் போவுது. உனக்கு எரியுதுல்லா, அதுல பாதி பூஞ்சயால இல்ல தாயி. எங்களாலதான்.”

ரெக்ஸலின் வாயில கைய வச்சுக்கிட்டா. நான்தான் கேட்டேன், “அந்தப் புளிப்புக்காரிகளக் கொன்னது யாரு?”

மூத்தவ திரும்பி, குளியலற வாசல்ல இருந்த வெள்ளக் கேனப் பாத்தா. அவ பாத்ததும் மத்தவளுவ எல்லாரும் மொகத்தத் திருப்பிக்கிட்டாளுவ.

அந்தக் கேனப் பத்தி சொல்லணும். எங்க கம்பெனிக்குள்ள நொழையும்போது கால முக்க ஒரு தொட்டி, கைய முக்க ஒரு பேசின், ரெண்டுலயும் குளோரின் தண்ணி இருக்கும், மூக்க அரிக்கும், கைத்தோலு வெள்ளையா உரியும். கிருமி எல்லாம் செத்துரும்னு செல்வகணேசன் சொல்லுவான். கப்பல் ஏறப் போற இறாலுக்கே இத்தன சுத்தம்னா, வீட்டுக்குப் போற நமக்கு எத்தன சுத்தம் வேணும்னு எங்க பொம்பளைகளா ஒரு கணக்குப் போட்டு, யாரு ஆரம்பிச்சு வச்சதோ சேசுவுக்குத்தான் வெளிச்சம், மிச்சத் தண்ணிய கலர் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போயி, குளிச்ச பெறவு அடியில ஊத்திக் கழுவுறதுன்னு ஒரு வழக்கம். இறால் நாத்தம் போவும்னு நெனப்பு. அரிச்சா ரெண்டு மக்குத் தண்ணி கூட. எரிஞ்சா, ஆகா கிருமி சாவுதுன்னு அதுக்கும் ஒரு மக்கு. கித்தேரியம்மா முட்டி தேயற வரைக்கும் அதே கம்பெனியில நின்னவ, வீட்டுல இருந்தாலும் கேனுக்கு ஆள் சொல்லி வச்சிருந்தா. மருமக குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு, தண்ணி ஊத்துற சத்தம் கேக்குதான்னு காது குடுத்துக் கேப்பா.

“அத நிறுத்துனா நாங்க உள்ள போறோம்”னா மூத்தவ. “நிறுத்தாட்டி, இங்கனயே இருந்து செத்துப் போறோம். ரெண்டும் எங்களுக்கு ஒண்ணுதான்.”

கித்தேரியம்மா மொளகாய அள்ளிக்கிட்டே, “கழுவாத பொம்பளையோட எந்த ஆம்பள குடும்பம் நடத்துவான்? ஜெரோன் கரைக்கு வாற நேரம், எங்க வீட்டுக்கு நாறிக்கிட்டு ஒருத்தி வேண்டாம்”னா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுட்டு. ரெக்ஸலின் எதுத்துப் பேசத் தெரியாத பிள்ள. மறுநாளும் கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு, முத்தத்துல இருந்தவளுவ சேலைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டாளுவ.

அந்த வாரத்துலயே ரெக்ஸலின் விரல்ல இறாலோட தலைக்கொம்பு குத்தி ஏறிட்டு. எங்களுக்கெல்லாம் தெனமும் ஏறுறதுதான், வாயில வச்சு உறிஞ்சிட்டு அடுத்த இறால எடுப்போம். அவளுக்கு விரல் வலிச்சுது, ஆனா செவக்கல, சீழ் கட்டல, பாத்தா ஒண்ணுமே இல்லாத விரல் மாதிரி இருந்துச்சு. நான்கூட, “பரவால்லட்டி, செவக்கல, லேசாத்தான் குத்தியிருக்கு”ன்னேன். ரெக்ஸலின் தெனமும் கூடவே கொண்டு வாற தூக்குவாளியில இருந்த மூத்தவ அந்த விரலப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னா. அவ எந்திரிச்சு நின்னு நான் அன்னைக்குத்தான் பாத்தேன். “செவந்தா நாங்க வந்துட்டோம்னு அர்த்தம். செவக்கலேன்னா ஒருத்தரும் வரலேன்னு அர்த்தம்”னா.

சாயங்காலத்துக்குள்ள பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிச்சு, பல்லு கிட்டிச்சு, ஆட்டோவுல அள்ளிப் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, என் மடியில இருந்த தூக்குவாளியத் தெறந்து பாத்தாவ. “எல்லாரும் இங்கதான் இருக்காங்களா? அதான் ரிப்போர்ட்டுல வெள்ளணு எடத்துல ஆளே இல்ல”ன்னாவ. ஊசி போட்டாவ, பாட்டில் ஏத்துனாவ, மத்த சங்கதியையும் கேட்டுட்டு, பஞ்சால தொட்டுப் பாத்து, உள்ள வைக்கிற மாத்திர குடுத்தாவ. “இது கெட்ட வழியில வாற நோய் இல்ல, சுத்தமில்லாததால வாறதும் இல்ல, எந்தப் பொண்ணுக்கும் வரும். வெளிய வெறும் தண்ணி போதும், உள்ள எதையும் ஊத்தாதீங்க”ன்னாவ. பெறவு என்னத் தனியாக் கூப்பிட்டு, “மருந்து நான் குடுத்துட்டேன். ஆனா உள்ள ஆள் இல்லாம மருந்து மட்டும் தனியா நின்னு எவ்வளவு நேரம் தாங்கும்? கை கறுக்க ஆரம்பிச்சுட்டா எடுக்க வேண்டி வரும். அதுக்கு மேல ஏறிட்டா என் கையில இல்ல. இவங்கள எப்படியாவது உள்ள போகச் சொல்லுங்க”ன்னாவ.

நான் சொன்னேன். கெஞ்சுனேன். திட்டுனேன். “அவ செத்தா நீங்களுந்தான சாவிய, மூதியளா?”ன்னு கேட்டேன். அவளுவ கட்டில் கம்பியில வரிசையா உக்காந்து ரெக்ஸலின் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாளுவ. ஒருத்தி அழுதா. மூத்தவதான் சொன்னா: “போறதுக்கு எங்களுக்கு மனசில்லாம இல்லம்மா. உள்ள போனா அந்தச் சுவத்துலருந்துதான் மொதல்ல கூப்பிடுவாளுவ. இருக்கவ எல்லாம் அங்கனதான் ஓடுவா. விரலுக்குப் போக யாரு மிச்சம்?”

மறுநாள் மத்தியானம் ஆளுகளப் பாக்க விடுற நேரத்துல கித்தேரியம்மா வந்தா. ஒரு கையில கஞ்சித் தூக்கு. மறு கையில கேன்.

எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தக் கேனப் பிடுங்கி அவ தலையிலயே கவுத்தியிருப்பேன், வார்டுன்னு பாத்தேன். “அக்கா, நீ பொம்பளதானா? பிள்ள சாகக் கெடக்கா, இதையா சொமந்துட்டு வந்த?”ன்னேன். கட்டில் கம்பியில இருந்தவளுவ ஒருத்தர் பாக்கியில்லாம செவுத்தப் பாத்துத் திரும்பிட்டாளுவ.

கித்தேரியம்மா கட்டில் ஓரத்துல உக்காந்தா. “ஜெரோன் போட்டு வெள்ளிக்கிழம கரைக்கு வருதாம்”னு மருமககிட்ட சொன்னா. “உனக்குத் தெரியாதுட்டி. கல்யாணமான புதுசுல அவன் அப்பா, உன் மேல இறால் நாத்தம் அடிக்குன்னு சொல்லி, பாயச் சுருட்டிக்கிட்டு வெளிய போயிப் படுத்தாரு. நான் உள்ள முழிச்சே கெடந்தேன். அன்னையிலருந்து ஊத்துதேன். அவரு போயி எத்தன காலமாச்சு, இன்னும் ஊத்துதேன். உன்னையும் அப்படி ஒருத்தன் சொல்லிரக் கூடாதேன்னுதான…” சேலத் தலப்ப வாயில வச்சு அமுக்கிக்கிட்டா.

ரெக்ஸலின் கண்ணத் தெறந்தா. எதுத்துப் பேசத் தெரியாத பிள்ளன்னு சொன்னேன்லா, காய்ச்சல் வேகமோ என்னவோ, காஞ்ச உதட்ட நாக்கால தடவிக்கிட்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டா: “மாமி, ஒங்க மவன் கடல்லருந்து வரும்போது மணத்துக்கிட்டா வாராவ? அவியள யாரு குளோரின்ல முக்குதா?”

வார்டுல இருந்த அத்தன பொம்பளைகளும் தலையத் தூக்கிப் பாத்தாவ. கித்தேரியம்மா மருமகளையே பாத்தா. சிரிப்பா அழுகையான்னு தெரியாத ஒரு சத்தம் அவ தொண்டையிலருந்து வந்துச்சு. பெறவு முட்டியப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, கேனத் தூக்கிக்கிட்டுப் போயி, வார்டு மூலையில இருந்த தொட்டியில தலகீழாக் கவுத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் உதறி ஊத்துனா. காலிக் கேன அங்கனயே போட்டுட்டுத் திரும்பி வந்து, கம்பியில இருந்தவளுவள பாத்து, “போங்கட்டி. இனிமே ஊத்த மாட்டோம். மாதா மேல சத்தியம்”னா.

அவளுவ ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாளுவ. இளசா இருந்த ஒருத்தி மொதல்ல எந்திரிச்சு சேலைய வரிஞ்சு கட்டுனா. பெறவு ஒவ்வொருத்தியா, முதுகு வலிக்கிறவ எந்திரிக்கிற மாதிரி கையூனி எந்திரிச்சு, தலையில இருந்த வலைத்துண்டக் கழத்தி கம்பியில மாட்டிட்டு, போர்வைக்கு அடியில போனாளுவ. ஒருத்தி மொகத்துலயும் சந்தோசம்னு சொல்ல ஒண்ணுமில்ல, காலை ஷிப்டுக்குப் போறவளுவ மொகந்தான். நாங்க விரலையே பாத்துக்கிட்டு இருந்தோம். கொஞ்ச நேரத்துல நகத்தோரம் லேசா ரோசு நெறமாச்சு, பெறவு விரல் முழுக்கச் செவந்து, மினுங்கி, வீங்கிப் போச்சு. ரெக்ஸலின் “யம்மா, வலிக்கே”ன்னு கத்துனா. டாக்டரம்மா ஓடி வந்து பாத்துட்டு, “அப்பாடா”ன்னாவ. ஒரு விரல் வீங்குனதுக்கு ஒரு வார்டே சந்தோசப்பட்டத நான் அன்னைக்குத்தான் பாத்தேன், பக்கத்துக் கட்டில்காரி ஜெபமாலைய எடுத்து முத்தம் குடுத்தா.

மூத்தவ மட்டும் இன்னும் போகல. எல்லாரும் போயிட்டாளுவளான்னு பாத்துட்டு, கடைசியா போர்வ ஓரத்துக்கு நடந்தா. கித்தேரியம்மா குனிஞ்சு அவளக் கூப்பிட்டா.

“ஏ பிள்ள. எனக்குள்ளயும் ஒங்கள மாதிரி இருக்காளுவளா?”

“இருப்பாளுவ. எல்லாருக்கும் உண்டு.”

“பெறவு ஏன் இத்தன வருசத்துல ஒருத்திகூட எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

மூத்தவ நின்னு அவள அண்ணாந்து பாத்தா. அவளுக்கும் அசதிதான், ஆனாலும் நின்னு பதில் சொன்னா.

“சொல்லியிருப்பாளுவம்மா. எரிஞ்சிருக்கும்லா?”

கித்தேரியம்மா நிமிந்தா. பெறவு என்னப் பாத்துச் சொன்னா.

“எரிஞ்சுச்சு மெற்றில்டா. நான் இன்னும் ரெண்டு மக்கு சேத்து ஊத்துனேன்.”